சப்போசிட்டரி: வைப்பதற்கு முன்னும் பின்னும்

வீட்டில் முதியவர் ஒருவர் சில நாட்களாகச் சரியாக வெளிக்குப் போகவில்லை என்றால், அந்த வீட்டின் பேச்சு முழுவதும் அதைச் சுற்றியே நடக்கும். ஆனால் அந்தப் பேச்சு வாசற்படியைத் தாண்டாது. மருந்துக்கடைக்குப் போனாலும், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, "மோஷன் போறதுக்கு கீழ வைக்கிற மாத்திரை" என்று தணிந்த குரலில்தான் கேட்கிறார்கள். கடைக்காரரும் அதே தணிந்த குரலில் சப்போசிட்டரி அட்டை ஒன்றைத் தாளில் சுற்றிக் கொடுத்துவிடுகிறார். எப்படி வைப்பது, யாருக்கு வைக்கக் கூடாது, வேலூர் வெயிலில் அதை எங்கே பத்திரப்படுத்துவது என்பதையெல்லாம் கேட்பதற்கு வாங்குபவருக்குக் கூச்சம். சொல்வதற்குக் கடைக்காரருக்கு நேரமில்லை. இந்தக் கூச்சத்தால் உண்மையிலேயே தீங்கு நேர்கிறது என்பதால்தான் இதை வெளிப்படையாக எழுதுகிறேன்.

நான் மருத்துவர் அல்ல. காட்பாடியில் குடும்பம் நடத்துகிறவள். என் மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்தபோது, வலிக்கு டிரமடால், எலும்புக்குக் கால்சியம், இரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து என்று மூன்று மாத்திரைகள் ஒன்றாகச் சேர்ந்தன. மூன்றுமே மலத்தை இறுகச் செய்யக்கூடியவை. போதாததற்கு நடமாட்டமும் இல்லை, அடிக்கடி எழ வேண்டியிருக்குமே என்று அவர் தண்ணீரையும் குறைத்துக்கொண்டார். மருத்துவமனையிலிருந்து கிளம்புவதற்கு முன்பே வார்டு சிஸ்டர் ஒருவர் என்னை உள்ளே அழைத்து, திரையை இழுத்துவிட்டு, முதலில் தாம் செய்து காட்டி, பிறகு என்னைச் செய்யச் சொல்லி அருகில் நின்று பார்த்தார். அவர் சொல்லித் தந்தவற்றில் கையால் செய்யும் வேலை மிகவும் கொஞ்சம். அதற்கு முன் பார்க்க வேண்டியவையும் பின் கவனிக்க வேண்டியவையும்தான் அதிகம். என் அனுபவத்திலும் அதுவே சரியென்று பட்டிருக்கிறது.

சப்போசிட்டரி என்பது சுண்டுவிரல் நுனி அளவில், ஒரு முனை கூராக, மெழுகில் வார்த்ததுபோல இருக்கும். ஆசனவாய் வழியாக உள்ளே வைக்கும் மருந்து. மலச்சிக்கலுக்கென்று நம் கடைகளில் பெரும்பாலும் இரண்டு வகை கிடைக்கிறது. கிளிசரின் சப்போசிட்டரி சுற்றியுள்ள திசுக்களிலிருந்து நீரை இழுத்து மலத்தை இளக்கி, வழியை வழுவழுப்பாக்கி, மலக்குடலின் சுவரை லேசாகத் தூண்டி, 'போக வேண்டும்' என்னும் உணர்வை உண்டாக்குகிறது. பிசாகோடில் சப்போசிட்டரி குடலின் நரம்புகளைத் தூண்டி, தசைகளைச் சுருங்கி விரியச் செய்து மலத்தைத் தள்ளுகிறது. டல்கோலாக்ஸ் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்திருப்பது இதுதான். பெரியவர்களுக்கு 10 மில்லிகிராம், சிறுவர்களுக்கு 5 மில்லிகிராம் என இருவேறு அளவுகளில் வருவதால், வாங்கும்போதே அட்டையில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். இரண்டு வகையும் ஏறத்தாழ 15 நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்துவிடும். பிசாகோடில் மாத்திரையை வாயால் விழுங்கினால் பலன் தெரிய 6 முதல் 12 மணி நேரம் ஆகும். அதனால்தான் மாத்திரையை இரவில் படுக்கும்முன் கொடுக்கச் சொல்கிறார்கள். சப்போசிட்டரியைக் காலையில், கழிவறைக்கு அழைத்துப் போக ஆள் இருக்கும் நேரத்தில் வைக்கச் சொல்கிறார்கள்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். மலம் ஏற்கெனவே மலக்குடல்வரை இறங்கி, வெளியேற முடியாமல் நிற்கும்போதுதான் சப்போசிட்டரி நன்றாகப் பயன்படுகிறது. மேலே பெருங்குடலிலேயே மலம் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு, கீழே எத்தனை வைத்தாலும் நினைத்த பலன் கிடைக்காது. அதே போல, தினமும் போகவில்லை என்பதாலேயே அது மலச்சிக்கல் ஆகிவிடாது. ஒரு நாளைக்கு மூன்று முறை போகிறவரும் இருக்கிறார், வாரத்துக்கு மூன்று முறை போகிறவரும் இருக்கிறார். மலம் இளக்கமாக, முக்கித் தவிக்காமல் போகிறதென்றால் இரண்டுமே இயல்புதான். ஒரு நாள் காலை போகவில்லை என்றதும் அன்றைக்கே ஒன்றை வைத்துவிட வேண்டும் என்று பதறும் முதியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் இதைப் பொறுமையாகச் சொன்னாலே பாதிக் கவலை குறைந்துவிடுகிறது.

இனி, எப்போது வைக்கக் கூடாது என்பதைச் சொல்கிறேன். இந்தப் பதிவில் வேறு எதையும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வயிறு உப்பி, கல்லாக இறுகி, வாந்தியும் வந்து, வாயு கூடப் பிரியாமல் இருந்தால், அது குடலடைப்பாக இருக்கலாம். காரணம் தெரியாத வயிற்றுவலி, குறிப்பாக வலது அடிவயிற்றில் வலியும் காய்ச்சலும் சேர்ந்திருந்தால், குடல்வால் அழற்சியாக இருக்கலாம். இந்த இரண்டு நிலையிலும் வாய்வழியாகவோ கீழ்வழியாகவோ பேதி மருந்து எதையும் கொடுக்காமல், 108ஐ அழைத்தோ கையில் கிடைத்த வண்டியிலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். 'முதலில் வயிற்றைக் காலி செய்து பார்ப்போம்' என்று வீட்டில் கழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அங்கே ஆபத்தைக் கூட்டுகிறது. ஆசனவாயில் வெடிப்பு இருந்தாலும், மூலம் புண்ணாகி இரத்தம் கசிந்தாலும், குடலிலோ மலக்குடலிலோ அண்மையில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தாலும், மருத்துவர் சொல்லாமல் வைக்கக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. நகம் கீறிய சிறு காயம்கூட அவர்களுக்கு நிற்காமல் கசியக்கூடும்.

வேலூரில் இருந்துகொண்டு சொல்லாமல் விட முடியாத ஒன்று உண்டு. தோட்டப்பாளையத்திலும் காந்தி ரோட்டிலும் அதன் சந்துகளிலும் உள்ள லாட்ஜுகளில், வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் சிகிச்சைக்காக வந்து மாதக்கணக்கில் தங்கியிருக்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்களில் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். கீமோவுக்குப் பிறகு இரத்தத்தில் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் குறைந்திருக்கும் நாட்களில், ஆசனவாய் வழியாக எதையும் உள்ளே செலுத்தக் கூடாது: சப்போசிட்டரியும் கூடாது, எனிமாவும் கூடாது, அந்த வழியாகக் காய்ச்சல் பார்ப்பதும் கூடாது. உள்ளே ஏற்படும் கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகக் கிருமி இரத்தத்தில் கலந்துவிடும். இரத்தக் கசிவும் நிற்காது. கீமோவோடு தரும் வாந்தித் தடுப்பு மருந்தான ஒண்டான்செட்ரானும் வலிக்குத் தரும் மார்ஃபினும் மலச்சிக்கலை உண்டாக்குபவை என்பதால், அதே நாட்களில்தான் தொல்லையும் மிகுதியாக இருக்கும். அருகில் உள்ள கடையில் தானாக வாங்கி வைத்துவிடாமல், சிகிச்சை தரும் பிரிவிலேயே கேட்க வேண்டும். வாய்வழியாகத் தரக்கூடிய வேறு மருந்துகளை அவர்கள் சொல்வார்கள். உங்கள் லாட்ஜிலோ தெருவிலோ இப்படி ஒரு குடும்பம் இருந்தால், மொழி தெரியாவிட்டாலும் இதை எப்படியாவது அவர்களுக்குப் புரியவையுங்கள்.

தண்டுவடம் அடிபட்டவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு மலம் கழிப்பதற்கான அன்றாட ஒழுங்கில் சப்போசிட்டரி ஒரு பகுதியாகவே இருப்பதுண்டு. வேலூரை அடுத்த பாகாயத்தில் 1966இல் டாக்டர் மேரி வர்கீஸ் முன்னின்று தொடங்கிய மறுவாழ்வு நிலையம் போன்ற இடங்களில் இதையெல்லாம் முறையாகப் பயிற்றுவிக்கிறார்கள். விபத்தில் தாமே நடக்கும் ஆற்றலை இழந்து, சக்கர நாற்காலியிலிருந்தபடி மற்றவர்களுக்காக அதை உருவாக்கியவர் அவர். மார்பின் நடுப்பகுதிக்கு மேல் தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு, மலக்குடலில் ஏற்படும் தூண்டுதலே இரத்த அழுத்தத்தைத் திடீரென்று உயர்த்திவிடக்கூடும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவத்தல், வியர்த்துக் கொட்டுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். ஆகவே இந்த வகை நோயாளிக்குப் பயிற்சி பெறாதவர் கைவைக்கவே கூடாது.

வெயிலைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். பிசாகோடில் சப்போசிட்டரியை உடல் வெப்பத்தில் உருகும் கொழுப்பில் வார்த்திருக்கிறார்கள். உள்ளே போனதும் உருகி மருந்தை வெளிவிடுவதற்காகத்தான் அப்படி. அக்கினி நட்சத்திரத்தின்போது நம் ஊரில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம், உடல் வெப்பமோ 37 டிகிரி. எனில் அலமாரியில் இருக்கும் மருந்தின் கதி என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அட்டையில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலைக்குக் கீழே வைப்பதென்றால் கோடையில் நமக்கு ஃபிரிட்ஜைத் தவிர வேறு வழி கிடையாது. உறையும் தட்டில் வைக்காமல், கதவுப் பக்கத் தட்டில், மூடியுள்ள ஒரு சிறு டப்பாவில் போட்டு, மேலே பெயரெழுதி ஒட்டி வைக்க வேண்டும். குடியாத்தத்திலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ வந்து மருந்து வாங்கிக்கொண்டு மே மாத மதியத்தில் பஸ்ஸில் திரும்புகிறவர்கள், அதைத் தண்ணீர் புகாத பையில் போட்டுக் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலோடு சேர்த்து எடுத்துப் போகலாம். வீட்டுக்கு வந்து தொட்டுப் பார்க்கும்போது நெகிழ்ந்திருந்தால், உறையைப் பிரிக்காமலேயே சிறிது நேரம் குளிர்ந்த நீரில் போட்டு வைத்தால் இறுகிவிடும். முழுவதுமாக உருகி உருக்குலைந்து மறுபடி உறைந்ததைப் பயன்படுத்த வேண்டாம். கிளிசரின் வகை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால், அதன் டப்பாவைத் திறந்தபடி விட்டுவிடக் கூடாது.

ஃபிரிட்ஜில் டப்பாவின் மேல் பெயரெழுதச் சொன்னதற்கு முக்கியமான காரணம் இருக்கிறது. காய்ச்சலுக்கான பாராசிட்டமால் சப்போசிட்டரியும், பிரசவத்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் பிறகு வலிக்குத் தரும் டைக்குளோஃபெனாக் சப்போசிட்டரியும் பார்வைக்கு ஏறக்குறைய இதே போலத்தான் இருக்கும். மகளின் பிரசவத்தில் மிஞ்சியது பாட்டியின் மலச்சிக்கலுக்குப் போய்விட்டால், மலம் போகாதது மட்டுமின்றி, சிறுநீரகம் பலவீனமாக உள்ள பாட்டிக்கு டைக்குளோஃபெனாக் பெரிய தீங்கைச் செய்துவிடும். தனியாகக் கத்தரித்த அட்டைத் துண்டில் பெயர் இல்லையென்றால், அது என்னவென்று ஊகிக்காமல் குப்பையில் போட்டுவிடுவதே நல்லது. சாதாரண மாத்திரை என்று நினைத்து வாயில் போட்டுக்கொண்ட முதியவர்களும் உண்டு. ஆகவே தனியாக இருக்கும் முதியவரின் கையில் பிரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

வைக்கும் முறைக்கு வருகிறேன். முதலில் அவரிடம் சொல்ல வேண்டும். படுத்திருப்பவர், வயதானவர், பேச முடியாதவர் என்பதற்காக எதுவும் சொல்லாமல் புடவையை விலக்குவது அவருக்கு இழைக்கும் பெரிய அவமதிப்பு. "அத்தை, அந்த மருந்தை இப்ப வைக்கட்டுமா, டிஃபன் ஆகி அரை மணி ஆச்சு" என்று நான் கேட்பேன். "இன்னாம்மா, இதெல்லாமா உன் தலையில கட்டணும்" என்று தொடக்கத்தில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதுண்டு. கதவைத் தாழிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, இடுப்புவரை ஒரு போர்வையைப் போர்த்தி, தேவையான இடத்தை மட்டும் விலக்கினால் அந்தக் கூச்சம் மெல்லக் குறையும். மாமனாருக்கென்றால் மகனோ பேரனோ கற்றுக்கொண்டு செய்யலாம். எல்லா வீட்டிலும் இது மருமகளின் வேலை என்று எழுதி வைத்திருக்கவில்லை. காலை உணவுக்குப் பின் என்று நேரம் குறித்ததற்கும் காரணம் உண்டு: வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் இயல்பாகவே அசையத் தொடங்கும், அந்த அசைவோடு மருந்தும் சேர்ந்தால் வேலை எளிதாகிறது.

நகத்தை ஒட்ட வெட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கையுறை அணிந்துகொள்ளுங்கள். படுக்கையில் ஒரு ரப்பர் ஷீட்டும் அதன்மேல் பழைய துணியும் விரித்துக்கொள்ளுங்கள். அவரை இடப்பக்கமாகத் திரும்பிப் படுக்கவைத்து, கீழே இருக்கும் இடது காலை நீட்டி, மேலே இருக்கும் வலது முழங்காலை வயிற்றுப் பக்கமாக மடக்க வேண்டும். இடுப்பில் அறுவைச் சிகிச்சை ஆனவருக்கு எந்தப் பக்கம் திரும்பலாம், எவ்வளவு மடக்கலாம் என்பதை அவருடைய மருத்துவரிடம் முன்பே கேட்டிருக்க வேண்டும். அத்தைக்கு முழங்கால்களின் நடுவே ஒரு தலையணையை வைத்துத்தான் திருப்ப வேண்டியிருந்தது. பிறகு வெளிச்சத்தில் ஆசனவாயைப் பாருங்கள். வெடிப்போ, வீக்கமோ, இரத்தமோ தெரிந்தால் அன்றைக்கு அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்த பிறகே மருந்தின் உறையைப் பிரிக்க வேண்டும், ஏனெனில் கையின் சூட்டிலேயே அது இளகத் தொடங்கும். பல வகைகளில் உறையின் அடியில் இரண்டு இதழ்கள் பிரிந்திருக்கும். அவற்றைப் பிடித்து இரு பக்கமும் இழுத்தால் மருந்து உடையாமல் வெளியே வரும். ஒரு டம்ளரில் வைத்திருக்கும் தண்ணீரில் அதை நனைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் போதும். வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று தேங்காயெண்ணெயையோ வாசலினையோ தடவுவது நம் வீடுகளில் கையோடு வந்துவிட்ட பழக்கம். ஆனால் எண்ணெய்ப் பசை மருந்தின் மேல் போர்வையாகப் படிந்து, அது கரைந்து வேலை செய்வதைத் தடுக்கும். அவரை வாயைத் திறந்து மெதுவாக மூச்சை விடச் சொல்லி, அந்த மூச்சு வெளியேறும் நேரத்தில், கூர்முனை முன்னே இருக்கும்படி சுட்டுவிரலால் மெல்லத் தள்ள வேண்டும். ஆசனவாயைச் சுற்றி வளையமாக ஒரு தசை இறுக்கிப் பிடிப்பது விரலுக்கே தெரியும். அந்த வளையத்தைத் தாண்டி மருந்து போக வேண்டும். பெரியவர்களுக்கு ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர், அதாவது ஓர் அங்குலம் உள்ளே. வளையத்துக்கு வெளியே நின்றுவிட்டால் அது அப்படியே திரும்பி வந்துவிடும். அப்படி வந்தால் இன்னொரு முறை நனைத்துச் சற்று உள்ளே வைக்கலாம். உள்ளே போனதும் விரலைச் சிறிது சாய்த்து, மருந்து மலக்குடலின் சுவரை ஒட்டி இருக்கும்படி விட வேண்டும். கெட்டியான மலத்துக்குள்ளேயே அதைக் குத்திவிட்டால் சுவரைத் தொடாது, சுவரைத் தொடாவிட்டால் எந்தத் தூண்டுதலும் பிறக்காது. வைத்தும் பலனில்லை என்று சொல்லும் பல வீடுகளில் நடந்திருப்பது இதுவாக இருக்கலாம். தள்ளும்போது தடை தெரிந்தாலோ அவர் வலியில் துடித்தாலோ பலவந்தம் கூடாது, விரலை எடுத்துவிடுங்கள்.

விரலை எடுத்ததும், பிட்டங்களை இரு பக்கமும் சேர்த்துச் சற்று நேரம் பிடித்திருங்கள். உள்ளே ஒரு பொருள் பட்டதாலேயே உடனே 'வருகிறது' என்று தோன்றும். அது மருந்தின் வேலை அல்ல, தொட்டதன் உணர்வு. முடிந்தால் 15 முதல் 20 நிமிடங்கள் படுத்தபடியே அடக்கிக்கொள்ளச் சொல்ல வேண்டும். பிசாகோடில் என்றால் அடிவயிற்றை லேசாக முறுக்குவதும், ஆசனவாயில் சிறிது எரிவதும் உண்டு. அவை தானாக அடங்கிவிடும்.

அடுத்து வரும் நேரத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் முதியவர்கள் விழுவது அப்போதுதான். திடீரென்று அவசரம் எடுக்கும். உதவிக்குக் கூப்பிடக் கூச்சப்பட்டு, தாமே எழுந்து, ஈரமான கழிவறைத் தரையில் கால் வைத்து வழுக்குவார்கள். முக்கும்போது இரத்த அழுத்தம் தாழ்ந்து மயங்கிச் சரிவதும் உண்டு. ஆகவே சப்போசிட்டரி வைப்பதற்கு முன்பே தரையைத் துடைத்து உலர வைத்து, கமோட் நாற்காலியைப் படுக்கைக்கு அருகில் கொண்டுவந்து, கதவை உள்ளே தாழிட வேண்டாம் என்று சொல்லிவைக்க வேண்டும். இரவில் வைப்பதை நான் அறவே விட்டுவிட்டேன். மேற்கத்திய கழிவறையில் உட்காருகிறவர்களுக்குக் காலடியில் ஒரு சிறு முக்காலியைப் போட்டு, முழங்கால்கள் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்கும்படி செய்தால் மலம் இறங்கும் பாதை நேராகும். இடுப்பு அறுவைச் சிகிச்சை ஆனவர்களுக்கு மட்டும் இதை மருத்துவர் அனுமதித்த பிறகே செய்ய வேண்டும்.

ஒரு மணி நேரம் ஆகியும் எதுவும் நடக்கவில்லை என்றால், இன்னொன்றை வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்று என்பதுதான் கணக்கு. அதே போல, மருத்துவர் சொல்லாமல் தொடர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் போகக் கூடாது. இடைவிடாமல் வைத்தால் மலக்குடலின் உட்புறம் புண்ணாகும். அளவுக்கு மீறிய பேதியால் உடலின் பொட்டாசியம் குறைந்து, ஏற்கெனவே இதயத்துக்கும் நீர் பிரிவதற்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இதயத் துடிப்பே தடுமாறலாம். சப்போசிட்டரி கேட்கவில்லை என்றதும் கடையில் பாஸ்பேட் எனிமாவை வாங்கிச் செலுத்துவது இன்னும் ஆபத்தானது. சோடியம் பாஸ்பேட் கலந்த பேதி மருந்துகளை, வாய்வழியோ எனிமாவோ, 24 மணி நேரத்தில் ஒரு முறைக்கு மேல் பயன்படுத்துவது சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் கடும் கேடு விளைவிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2014இல் எச்சரித்தது. முதியவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் அதன் ஆபத்து அதிகம்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களிடம் காணும் இன்னொரு நிலை பெரும்பாலான குடும்பங்களை ஏமாற்றிவிடுகிறது. சில நாட்களாக மலமே போகாமல் இருந்தவருக்குத் திடீரென்று நீர்போலக் கசியத் தொடங்கும், துணியெல்லாம் நனையும். வயிற்றுப்போக்கு என்று முடிவு செய்து, போக்கை நிறுத்தும் மாத்திரையைக் கொடுத்துவிடுவார்கள். உண்மையில், கெட்டியான மலம் மலக்குடலில் அடைத்து நிற்க, மேலிருந்து வரும் நீர்மம் மட்டும் அதன் ஓரமாக வழிந்துகொண்டிருக்கும். போக்கை நிறுத்தும் மாத்திரை அந்த அடைப்பை மேலும் இறுக்கிவிடும். நோயாளி சாப்பிட மறுப்பார், குழம்பிப் பேசுவார், சிறுநீரும் கட்டிக்கொள்ளும். இப்படியானால் வீட்டில் எதையும் தொடராமல் மருத்துவரையோ செவிலியரையோ அழைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். விரலால் சோதித்து, தேவையானால் அவர்களே மலத்தை அகற்றுவார்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சை அளிக்கச் செவிலியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொண்டால், இதை நேரில் காட்டித் தரும்படி அவர்களிடம் கேட்கலாம்.

அவசரத்துக்கு ஒன்றை வைத்து முடித்த பிறகு, ஏன் கட்டிக்கொண்டது என்பதைத் தேட வேண்டும். முதலில் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள்: மேலே சொன்னவற்றோடு, வெரபமில் போன்ற சில இரத்த அழுத்த மாத்திரைகளும், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலினும், அலுமினியம் கலந்த அமிலமுறி மருந்துகளும் மலத்தை இறுகச் செய்யும். தைராய்டு குறைவு, சர்க்கரை நோய், பார்க்கின்சன் நோய் ஆகியவையும் காரணமாகலாம். மாத்திரையை நாமாக நிறுத்தாமல், மாற்ற முடியுமா என்று எழுதிக் கொடுத்தவரிடம் கேட்க வேண்டும். சாப்பாட்டில் கேழ்வரகும் கீரையும் கொய்யாவும் இருக்கட்டும். ஆனால் நார்ச்சத்தைக் கூட்டிவிட்டுத் தண்ணீரைக் கூட்டாமல் விட்டால், இசப்கோல் கொடுப்பது உட்பட, மலம் இன்னும் இறுகத்தான் செய்யும். இதயமும் சிறுநீரகமும் பழுதுபட்டுத் தண்ணீரை அளந்து குடிக்கிறவர்களுக்கு அந்த அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய மலச்சிக்கல், மலத்தோடு இரத்தம், காரணமின்றி எடை குறைதல், இரத்தச்சோகை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் சப்போசிட்டரியால் நாளைத் தள்ளிப்போடாமல் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். குடல் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் அவை இருக்கக்கூடும்.

குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சிளங்குழந்தை வெளிக்குப் போகவில்லை என்றால் வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து வைப்பதும், சோப்பைச் சீவி வைப்பதும் நம் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் இன்றும் நடக்கின்றன. அன்போடு செய்வதுதான், ஆனாலும் சோப்பின் காரம் அந்த மெல்லிய சவ்வை அரித்துப் புண்ணாக்கும், காம்பின் முனை கீறிவிடும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒன்றரை மாதத்துக்குப் பிறகு சில நாட்கள் போகாமல் இருந்து, போகும்போது இளக்கமாகவே போனால் அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. வயிறு வீங்கினாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, பிறந்து முதல் 48 மணி நேரத்தில் மலமே கழிக்கவில்லை என்றாலோ, அது மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நேரம். குழந்தைகளுக்கென்று சிறிய அளவில் கிளிசரின் சப்போசிட்டரி இருந்தாலும், அதைக் குழந்தை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே வைக்க வேண்டும். பெரியவர்களுடையதைப் பாதியாக வெட்டி வைக்கக் கூடாது.

அத்தைக்கு வைத்த நாட்களை எல்லாம் சமையலறைக் காலண்டரில் குறித்து வைத்தேன்: என்ன மருந்து, எந்த நேரம், எவ்வளவு நேரத்தில் போனது, மலம் எப்படி இருந்தது, அன்று என்னென்ன மாத்திரை சாப்பிட்டார். மறுபரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் அந்தத் தாளைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தார். டிரமடாலைப் படிப்படியாகக் குறைத்து, இரும்பு மாத்திரையை மாற்றி, இரவில் மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு சப்போசிட்டரியின் தேவை அபூர்வமாகிவிட்டது. நீங்களும் போகும்போது அப்படி ஒரு தாளையும், மருந்தின் காலி அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.